விதிக்கும் ஒரு தேதி வேண்டும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்திலேயே செய்து பார்க்கும் வேலைகளில் ஒன்று ரயில் டிக்கெட் முன்பதிவு. அதிலும் தட்கல் டிக்கெட் என்றால் காலை பத்து மணிக்கு முன்பே திரைக்கு எதிரே உட்கார்ந்துவிட வேண்டும். பயணத்திற்கு முந்தைய நாள் ஏசி வகுப்புகளுக்குப் பத்து மணிக்கும், ஏசி இல்லாத வகுப்புகளுக்குப் பதினொரு மணிக்கும் முன்பதிவு தொடங்கும். ஒன்பது ஐம்பத்தொன்பதுக்கு எத்தனை முறை கிளிக் செய்தாலும் கிடைக்காது. 2025 ஜூலையில் இன்னொரு விதியும் சேர்ந்தது. தொடங்கிய முதல் அரை மணி நேரத்திற்கு ஏஜெண்டுகள் தட்கல் டிக்கெட் எடுக்க முடியாது. ஏசி வகுப்புகளுக்குப் பத்தரை வரை இருக்கும் இந்தத் தடை பத்தரைக்கு விலகிவிடும். மறுநாள் பத்து மணிக்கு மறுபடியும் வந்துவிடும்.

இந்தத் தடையை ஒருவர் தினமும் கையால் போட்டு எடுக்கிறாரா? இல்லை. விதி ஒன்று எப்போது நடைமுறையில் இருக்க வேண்டும், எப்போது விலக வேண்டும் என்பது சாப்ட்வேருக்கு முன்பே சொல்லப்பட்டிருக்கிறது. கேட்க எளிதாகத் தோன்றும் இந்த விஷயத்தில்தான் எங்கள் துறையில் பலர் சறுக்குகிறார்கள். நானும் சறுக்கியிருக்கிறேன். அந்தக் கதையைச் சொல்வதற்கு முன், விதிகளால் இயங்கும் சாப்ட்வேர் என்றால் என்னவென்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

சாதாரணமாக ஒரு புரோகிராமில் கணக்கும் விதியும் பின்னிப் பிணைந்து கிடக்கும். "மருந்து என்றால் 12 சதவீத வரி போடு" என்ற வரி, ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவே எங்கோ ஒளிந்திருக்கும். வரி மாறினால் புரோகிராமர் அந்த வரியைத் தேடிப் பிடித்துத் திருத்தி, புரோகிராமை மீண்டும் தயாரித்து, எல்லாக் கடைகளுக்கும் அனுப்ப வேண்டும். விதிகளால் இயங்கும் சாப்ட்வேரில் இந்த விதிகளை மட்டும் தனியே பிரித்து வைத்துவிடுவார்கள். "இப்படி இருந்தால், இப்படிச் செய்" என்ற வடிவத்தில் ஒவ்வொரு விதியும் தனித்தனியாக இருக்கும். ரூல் இன்ஜின் எனப்படும் ஒரு பகுதி, உள்ளே வரும் பில்லைப் பார்த்து எந்தெந்த விதிகள் பொருந்தும் என்று கண்டறிந்து அவற்றைச் செயல்படுத்தும். இது புதிய யோசனை அல்ல. அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனம் தன் வாக்ஸ் கம்ப்யூட்டர்களை வாடிக்கையாளர் கேட்டபடி எந்தெந்த பாகங்களைச் சேர்த்து அனுப்புவது என்று முடிவு செய்ய, எக்ஸ்கான் என்ற விதி சாப்ட்வேரை 1980களிலேயே பயன்படுத்தியது. இன்று வங்கிக் கடன், காப்பீடு, வரி, தள்ளுபடி என எங்கெல்லாம் விதிகள் அடிக்கடி மாறுகின்றனவோ அங்கெல்லாம் ஏதோ ஒரு ரூல் இன்ஜின் இருக்க வாய்ப்பு உண்டு.

இவற்றில் ஒன்று ஜாவாவில் எழுதப்பட்ட ட்ரூல்ஸ். இலவசமாகக் கிடைப்பது. அதில் ஒவ்வொரு விதிக்கும் தலைப்புக்குக் கீழே சில குறிப்புகள் எழுதலாம். "டேட் எபெக்டிவ்" என்றால் இந்தத் தேதிக்குப் பிறகுதான் விதி வேலை செய்யும். "டேட் எக்ஸ்பயர்ஸ்" என்றால் இந்தத் தேதிக்குப் பிறகு வேலை செய்யாது. "எனேபிள்டு" என்பது மின்விசிறி ஸ்விட்ச் மாதிரி, போடலாம், அணைக்கலாம்.

இப்போது என் கதை. நான் மருந்துக் கடைகளுக்கான பில்லிங் சாப்ட்வேர் தயாரிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். 2025 செப்டம்பர் 3ஆம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் பெரிய மாற்றத்தை அறிவித்தது. 12, 28 சதவீத அடுக்குகள் பெரும்பாலும் நீங்கி, பல பொருட்களின் வரி குறைந்தது. பெரும்பாலான மருந்துகள் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்திற்கு வந்தன. பிஸ்கட்டும் டூத் பேஸ்ட்டும் 18இலிருந்து 5க்கு. பள்ளி நோட்டும் பென்சிலும் வரியே இல்லை. எல்லாம் செப்டம்பர் 22 திங்கட்கிழமை முதல் அமல். எங்களுக்குக் கிடைத்தது பத்தொன்பது நாள்.

நான் புதிய விதியை எழுதி, டேட் எபெக்டிவ் என்று 22ஆம் தேதியைப் போட்டேன். பழைய விதிக்கு அதே தேதியில் முடிவு போட்டேன். என் லேப்டாப்பில் தேதியை முன்னும் பின்னும் மாற்றிச் சோதித்தேன். 21ஆம் தேதி வைத்தால் 12. 22 வைத்தால் 5. கச்சிதம். ஞாயிறு இரவு நிம்மதியாகப் படுத்தேன்.

இரவு ஒன்றரை மணிக்குப் போன். திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனைக்கு எதிரே இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும் மருந்துக் கடையின் உரிமையாளர்.

"தம்பி, பன்னெண்டு மணியோட வரி கொறைஞ்சாச்சுன்னு டிவியில சொல்லுதான். ஒங்க மிஷின் இன்னும் பன்னெண்டு சதவீதந்தான் போடுது. சனங்க கேக்காங்க."

"இருங்க அண்ணாச்சி, பாக்கேன்" என்று எழுந்து பார்த்தேன். விதி சரியாகத்தான் இருந்தது. தேதியும் சரி. பிறகுதான் உறைத்தது. எங்கள் சர்வர் இந்திய நேரத்தில் ஓடவில்லை. சர்வதேசப் பொது நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கும் நமக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். நமக்கு நள்ளிரவு பன்னிரண்டு அடிக்கும்போது சர்வருக்கு முந்தைய நாள் மாலை ஆறரை. நான் போட்ட விதி, நம் ஊரில் விடியற்காலை ஐந்தரைக்குத்தான் கண் விழிக்கும். என் லேப்டாப் இந்திய நேரத்தில் இருந்ததால் சோதனையில் எதுவும் தெரியவில்லை.

இரண்டேகால் மணிக்குச் சரி செய்தேன். அதற்குள் அந்தக் கடையில் மட்டும் பத்தொன்பது பில்கள் பழைய வரியில் போயிருந்தன. பகலில் மட்டும் திறக்கும் கடைகளுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. இரவில் மருந்து வாங்க வந்தவர்கள்தான் கூடுதலாகக் கொடுத்தார்கள். இரவு இரண்டு மணிக்கு மருந்து வாங்குகிறவர் யார்? உள்ளே யாரையோ படுக்க வைத்துவிட்டு வந்தவர். அண்ணாச்சி ஒரு நோட்டில் பில் எண்களை எழுதி வைத்து, மறுநாள் வார்டு வார்டாக ஆள் அனுப்பி வித்தியாசத்தைத் திருப்பிக் கொடுத்தார். பதினாறு பேருக்குக் கொடுக்க முடிந்தது. மூன்று பேர் முதல் பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார்கள். அதில் ஒரு பில்லில் 210 ரூபாய் கூடுதல்.

அந்த வாரமே இரண்டாவது பிரச்சினை வந்தது. இதை நான் முதல் பிரச்சினையை விடப் பெரிதாக நினைக்கிறேன். ஏனென்றால் முதலாவது கவனக்குறைவு. இரண்டாவது, அடிப்படையிலேயே தவறான யோசனை.

20ஆம் தேதி மருந்து வாங்கிய ஒருவர், டாக்டர் மருந்தை மாற்றிவிட்டதால், 25ஆம் தேதி அதைத் திருப்பிக் கொடுக்க வந்தார். வரிக்கு முந்தைய விலை ஆயிரம் ரூபாய். 20ஆம் தேதி அவர் கொடுத்தது 1,120. எங்கள் சாப்ட்வேர் திருப்பித் தரச் சொன்ன தொகை 1,050. எழுபது ரூபாய் எங்கே போனது? சாப்ட்வேர் "இன்று என்ன தேதி" என்று கேட்டது. "இந்த மருந்து எந்தத் தேதியில் விற்றது" என்று கேட்கவில்லை. ட்ரூல்ஸில் டேட் எபெக்டிவ் இயல்பாகப் பார்ப்பது கடிகாரத்தை. பில்லை அல்ல. அதைத் தெரிந்துகொள்ளாமல் பயன்படுத்தியது என் தவறு.

இங்கேதான் என் கருத்தைச் சொல்கிறேன். விதி எப்போது செல்லும் என்பதைக் கடிகாரத்திடம் விடக்கூடாது. எந்த நிகழ்ச்சியைப் பற்றி விதி பேசுகிறதோ, அந்த நிகழ்ச்சியின் தேதியை வைத்தே விதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 20ஆம் தேதி விற்ற மருந்துக்கு 20ஆம் தேதியின் விதி. அது இன்று திரும்பி வந்தாலும் சரி, ஆறு மாதம் கழித்துத் தணிக்கைக்காரர் கேட்டாலும் சரி. அப்படியானால் பழைய விதியை அழிக்கவும் கூடாது, அணைக்கவும் கூடாது. "1-7-2017 முதல் 21-9-2025 வரை" என்ற சீட்டோடு அது இருந்துகொண்டே இருக்க வேண்டும்.

ரயில்வே செய்ததைப் பாருங்கள். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. அக்டோபர் 31 வரை 120 நாள் கணக்கில் எடுத்த டிக்கெட்டுகள் அப்படியே செல்லும் என்றும் அறிவித்தார்கள். பயண நாளையோ இன்றைய நாளையோ பார்க்கவில்லை. டிக்கெட் எடுத்த நாளைப் பார்த்தார்கள். எந்தத் தேதியை அளவுகோலாக வைப்பது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

சில விதிகளுக்கு ஒரு தேதி போதாது. ஜிஎஸ்டி சட்டத்தின் 14ஆம் பிரிவு இதற்கு நல்ல உதாரணம். புரோகிராமர்கள் படித்தால் தலை சுற்றும், ஆனால் அழகான பிரிவு. வரி விகிதம் மாறும் நாளுக்கு முன்னும் பின்னுமாக ஒரு வியாபாரம் நடந்தால் எந்த வரி? பொருள் கொடுத்த நாள், பில் போட்ட நாள், பணம் வந்த நாள் என்று மூன்று நாட்களைப் பார்க்கச் சொல்கிறது. சுருக்கிச் சொன்னால், மூன்றில் இரண்டு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்து வரி. 43 இன்ச் டிவி ஒன்றுக்கு செப்டம்பர் 20ஆம் தேதி பணம் கட்டிவிட்டீர்கள். பில்லும் டிவியும் 25ஆம் தேதி வந்தன என்றால் புதிய 18 சதவீதம். பணமும் பில்லும் 20ஆம் தேதியே முடிந்து, டிவி மட்டும் 25ஆம் தேதி வந்தால் பழைய 28 சதவீதம். இந்த மூன்று தேதிகளையும் பதிந்து வைக்காத சாப்ட்வேர், எவ்வளவு நல்ல ரூல் இன்ஜினை வைத்திருந்தாலும் சரியான வரியைச் சொல்ல முடியாது.

அடுத்தது, இந்தத் தேதி யார் கையில் இருக்க வேண்டும் என்பது. பெரும்பாலான நிறுவனங்களில் அது புரோகிராமர் கையில் இருக்கிறது. என்னைக் கேட்டால் அது தவறு. வரி எப்போது மாறுகிறது என்பது கடைக்காரருக்கும் அவருடைய கணக்கருக்கும் தெரிந்த விஷயம்; அவர்கள் சொல்ல, நான் எழுத, நடுவில் ஒரு நேர வித்தியாசத்தை நான் மறக்க வேண்டிய அவசியம் என்ன? டாலியில் ஜிஎஸ்டி விகிதம் மாறும்போது எந்தத் தேதி முதல் என்று பயன்படுத்துபவரே குறிப்பிட இடம் இருக்கிறது. அதைப் போல ஒரு திரை எங்கள் சாப்ட்வேரிலும் வேண்டும் என்று நான் கேட்டேன்.

எங்கள் அலுவலகத்தில் என் மேலதிகாரிக்கு இதில் உடன்பாடில்லை. அவர் பதினைந்து வருட அனுபவம் உள்ளவர். "கடைக்காரர் 2025க்குப் பதில் 2052 என்று அடித்துவிட்டால்? மாதத்தையும் நாளையும் மாற்றிப் போட்டுவிட்டால்? அதற்கும் போன் உனக்குத்தான் வரும்" என்றார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. 5/10 என்று பார்த்தால் அக்டோபர் ஐந்தா, மே பத்தா என்று விண்டோஸின் ரீஜன் அமைப்பைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதனால் ஒருவர் தேதியை உள்ளிட, இன்னொருவர் ஒப்புதல் தரும் முறை வேண்டும் என்று ஒப்புக்கொண்டேன். மாதத்தை எழுத்தில் காட்ட வேண்டும். விதி அமலாகும் முன்பே "22ஆம் தேதி இந்தப் பில் எப்படி இருக்கும்" என்று பார்க்கும் வசதியும் வேண்டும். இத்தனைக்குப் பிறகும் தேதியைக் கடைக்காரரிடமே தரலாம் என்பதுதான் என் கட்சி.

இன்னொரு வாதமும் அவர் வைத்தார். பழைய விதிகளை வைத்துக்கொண்டே போனால் குப்பை சேரும், குப்பை ஆபத்து என்றார். அதற்கு அவர் சொன்ன உதாரணம் நைட் கேபிடல். அமெரிக்கப் பங்குச் சந்தையில் பெரிய தரகு நிறுவனமாக இருந்தது. 2012 ஆகஸ்ட் 1ஆம் தேதி புதிய சாப்ட்வேரை எட்டு சர்வர்களில் போட வேண்டியவர்கள் ஏழில் மட்டும் போட்டார்கள். எட்டாவதில், 2003லேயே பயன்படுத்துவதை நிறுத்திவிட்ட பழைய பகுதி ஒன்று அழிக்கப்படாமல் கிடந்தது. அந்தப் பழைய பகுதியின் ஸ்விட்ச்சையே புதிய வேலைக்கும் பயன்படுத்தியிருந்தார்கள். காலையில் ஸ்விட்ச்சைப் போட்டதும் ஏழு சர்வர்களில் புதியது ஓடியது. எட்டாவதில் ஒன்பது வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்தது எழுந்து ஓடியது. சுமார் 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். நிறுவனம் பிறகு வேறொருவர் கைக்குப் போனது.

கேட்டதும் அவர் பக்கம் சாயத்தான் தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள். அங்கே கிடந்ததற்கு ஸ்விட்ச் இருந்தது, தேதி இல்லை. ஸ்விட்ச் வேறு, தேதி வேறு. ஸ்விட்ச்சை யார் எப்போது போட்டாலும் விளக்கு எரியும். "2003 வரை" என்று தன் மேலேயே எழுதி வைத்துக்கொண்ட விதி, 2012இல் வந்த ஓர் ஆர்டருக்கு எழுந்திருக்காது. என்னைப் பொறுத்தவரை அந்தச் சம்பவம் தேதிக்கு ஆதரவான சாட்சி. அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதெல்லாம் கம்பெனிகளின் கவலை, வீட்டுக் கம்ப்யூட்டருக்கு என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சில வருடம் ஓடிய கம்ப்யூட்டரில் ஒருநாள் திடீரென்று வங்கித் தளம் திறக்காது. எந்தத் தளத்திற்குப் போனாலும் இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று பிரவுசர் பயமுறுத்தும். வைரஸ் என்று நினைத்துச் சிலர் விண்டோஸையே மறுபடி போட்டுவிடுகிறார்கள். முதலில் திரையின் வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்துபோய் கடிகாரம் பல வருடம் பின்னால் போயிருக்கலாம். பாதுகாப்பான தளங்கள் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழ் வைத்திருக்கின்றன. அதில் "இந்தத் தேதி முதல், இந்தத் தேதி வரை" என்று இரண்டு தேதிகள் உண்டு. உங்கள் கம்ப்யூட்டரின் கணக்குப்படி அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. பேட்டரியை மாற்றி, நேரத்தைச் சரி செய்தால் தளங்கள் திறந்துவிடும். நேர மண்டலம் சென்னை, கொல்கத்தா என்று இருக்கிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள். நான் கற்றுக்கொண்ட பாடம் ஐந்தரை மணி நேரம் நீளமானது.

பிள்ளைகள் இரவு ஒன்பதுக்கு மேல் கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது என்று நேரக் கட்டுப்பாடு வைப்பவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். அவர்களுக்கு நிர்வாகி உரிமை உள்ள கணக்கைக் கொடுக்காதீர்கள். கடிகாரத்தையே மாற்றிவிடும் சாமர்த்தியம் பத்து வயதிலேயே வந்துவிடுகிறது.

சிறிய கடை வைத்திருப்பவர்கள் எக்செல்லிலேயே இதைச் செய்து பார்க்கலாம். தனியாக ஒரு ஷீட்டில் இரண்டு நெடுவரிசைகள் போதும். முதலாவதில் விகிதம் தொடங்கும் தேதி, இரண்டாவதில் விகிதம். மருந்துக்கு முதல் வரியில் 1-7-2017, 12 சதவீதம். அடுத்த வரியில் 22-9-2025, 5 சதவீதம். தேதிகள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும். பில் ஷீட்டில் விலுக்கப் பார்முலாவைப் போட்டு, பில்லின் தேதியைத் தேடச் சொல்லுங்கள். கடைசி இடத்தில் ட்ரூ என்று கொடுத்தால், பில் தேதிக்கு முன்னால் கடைசியாகத் தொடங்கிய விகிதத்தை அது எடுத்துக்கொள்ளும். இன்றைய தேதியைத் தரும் டுடே பங்ஷனை அங்கே போட்டுவிடாதீர்கள். போட்டால் நாளை பைலைத் திறக்கும்போது பழைய பில்லெல்லாம் மாறி நிற்கும். வரி மறுபடி மாறினால் கீழே ஒரு வரி சேர்த்தால் போதும். மேலே உள்ளதைத் தொட வேண்டாம்.

பில்லிங் சாப்ட்வேர் வாங்குவதாக இருந்தால், விற்க வருபவர் காட்டும் வண்ணப் படங்களை அப்புறம் பார்க்கலாம். 2025 செப்டம்பர் 20ஆம் தேதி பில் ஒன்றைப் போடச் சொல்லுங்கள். அதே பொருளை 25ஆம் தேதி திருப்பி எடுக்கச் சொல்லுங்கள். எவ்வளவு தொகை வருகிறது என்று பாருங்கள். பிறகு, அடுத்த மாதம் முதல் அமலாகும் ஒரு விகிதத்தை நீங்களே உள்ளிட முடியுமா என்று கேளுங்கள். "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம் சார்" என்று பதில் வந்தால், அவருடைய போன் நம்பர் இரவு ஒன்றரை மணிக்கு வேலை செய்யுமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

எங்கள் சாப்ட்வேரில் நான் கேட்ட திரை சில மாதங்களில் வந்துவிட்டது. இரண்டு பேர் ஒப்புதல் முறையோடுதான். முதலில் திருநெல்வேலி அண்ணாச்சி கடைக்குத்தான் அனுப்பினோம். இரண்டு நாள் கழித்துப் போன் செய்து எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"தேதி நல்லாத்தான் இருக்கு தம்பி. எழுத்துதான் பொடிசா இருக்கு. கொஞ்சம் பெருசாக்கித் தா" என்றார்.